மறு: ஹெட் கேஸ்கட் – ‘அடைப்பான்’ பொருந்துமா? ‘இடையடை’ என்றொரு முன்மொழிவு

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு,

வணக்கம். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) பொருத்திய கார் எஞ்சினில் ஹெட் கேஸ்கட் மாற்றும் முறையைத் தமிழில் கையேடாக எழுதத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் மாற்றப்படும் பொருளுக்கே இன்னும் பெயர் உறுதியாகவில்லை. வாணியம்பாடி அன்பர் ‘தலை அடைப்பான்’ என்றார். ஆரணியிலிருந்து எழுதிய அம்மையார் ‘ஒட்டுத்தகடு’ என்றார். ராணிப்பேட்டை ஐயா, பட்டறைகளில் வழங்கும் ‘கேஸ்கட்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பொருள் எஞ்சினுக்குள் என்ன வேலை செய்கிறது என்பதோடு இம்மூன்றையும் பொருத்திப் பார்த்தபின், ‘இடையடை’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

எஞ்சினில் உருளைகள் (சிலிண்டர்கள்) அமைந்த பிளாக்குக்கும் அதன்மேல் மூடிபோல் அமரும் ஹெட்டுக்கும் இடையே இது ஒரு மெல்லிய தகடாகக் கிடக்கிறது. அந்த ஒரே தகடு, ஒன்றோடொன்று கலக்கவே கூடாத மூன்றைப் பிரித்து வைக்க வேண்டும்: உருளைக்குள் எரியும் வாயு, எஞ்சினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கும் கூலண்ட், மேலேறும் எண்ணெய். இவற்றின் அழுத்தங்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் இருக்கின்றன. கூலண்ட் சுமார் ஒரு பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அளவிலும், எண்ணெய் சில பார் அளவிலும் ஓடுகையில், இன்றைய டர்போ டீசல் எஞ்சின்களில் எரியும் கணத்தில் உருளைக்குள் எழும் அழுத்தம் 150 பாரைத் தாண்டுவதுண்டு. 70 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒன்றைக் கணக்கிட்டுப் பாருங்கள்: அந்த அழுத்தம் ஹெட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை ஏறத்தாழ ஆறு டன் எடைக்குச் சமமாகும், அதுவும் ஒவ்வோர் எரிதலிலும் எழுந்து அடங்குகிறது.

இந்த இடத்தில்தான் ‘அடைப்பான்’ தடுமாறுகிறது. அடைப்பான் என்றால் ஒரு துளையின் வாயை மூடி நிற்பது என்றே நாம் பொருள் கொள்கிறோம். இந்தத் தகடோ எந்தத் துளையையும் மூடுவதில்லை. கூலண்ட் மேலேற வேண்டிய துளைகளும் எண்ணெய் செல்லும் துளையும் உருளைகளின் பெரிய வட்டங்களும் இதில் திறந்தே இருக்கின்றன. சில துளைகள் பிளாக்கில் உள்ள வழியைவிடச் சிறிதாக வெட்டப்பட்டிருப்பதும் உண்டு. எந்த உருளைக்கு எவ்வளவு கூலண்ட் போக வேண்டும் என்பதை அவைதாம் அளக்கின்றன. இது அடைப்பது துளைகளை அல்ல. இரு முகங்களுக்கு நடுவிலுள்ள இடுக்கை. ‘இடை’ என்ற சொல் பெயரில் இல்லாவிட்டால் இந்த வேறுபாடு போய்விடும். போய்விட்டால், பழைய தகட்டில் இருந்த துளை புதியதில் சிறிதாக இருப்பதைப் பார்த்த மாணவர், அது உற்பத்திப் பிழை என்று எண்ணி அதைப் பெரிதாக்கவும் கூடும்.

அம்மையார் சொன்ன ‘ஒட்டுத்தகடு’ ஓசையில் இனிமையானது. ‘தகடு’ என்ற பகுதியும் சரியே. ‘ஒட்டு’ என்பதை மட்டும் ஏற்க இயலவில்லை. அலுமினியம் ஒரு பாகை (செல்சியஸ்) வெப்பம் ஏறினால் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும். வார்ப்பிரும்பு சுமார் 11 மைக்ரான்தான் நீளும். அலுமினிய ஹெட்டும் வார்ப்பிரும்பு பிளாக்கும் கொண்ட எஞ்சினில், 400 மி.மீ. நீளமுள்ள ஹெட் 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேறும்போது, அது பிளாக்கைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீள்கிறது. வண்டியை எடுக்கும்போதும் நிறுத்தும்போதும் இரு முகங்களும் இந்தத் தகட்டின்மேல் உரசி நகர்கின்றன. நகர இடம் கொடுத்துக்கொண்டே கசியாமல் காப்பதுதான் இதன் திறம். ஒட்டிக்கொண்டால் கிழிந்துவிடும். பெயரில் ‘ஒட்டு’ இருந்தால் படிப்பவரின் கை தானாகவே பசையைத் தேடும் என்பது என் கவலை. பல்லடுக்கு எஃகுத் தகடுகளைப் பெரும்பாலும் எந்தப் பசையும் தடவாமல், துடைத்த முகங்களுக்கு நடுவே உலர்ந்த நிலையில்தான் வைக்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்டுச் சொன்ன மூலைகள் மட்டுமே விதிவிலக்கு.

ராணிப்பேட்டை ஐயாவின் கருத்தை நான் எளிதில் தள்ளவில்லை. காட்பாடிச் சாலைப் பட்டறையில் “பாய், வண்டி ஹீட் ஆகுது” என்று சொன்னதும், ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, “ஹெட் கேஸ்கட் பூட்சிப்பா” என்கிறார்கள். அந்த வாய்மொழி அங்கே வாழட்டும். அதைத் திருத்துவது நம் வேலையன்று. ஆனால் அதே பட்டறையில் இதே பொருளைச் சிலர் ‘பேக்கிங்’ என்றும் சொல்வார்கள்; பம்புத் தண்டைச் சுற்றித் திணிக்கும் கயிற்றுக்கும் ‘பேக்கிங்’ என்றே பெயர். எண்ணெய் சீல், ஓ-ரிங், பேக்கிங், கேஸ்கட் ஆகிய நான்கும் கசிவைத் தடுப்பவையே என்றாலும், நான்கும் வெவ்வேறு வழியில் வேலை செய்கின்றன. 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகளில் இயந்திரப் பொறியியல் தமிழ் வழியிலும் கற்பிக்கப்பட்டு வருகிறது, ஐ.டி.ஐ. மாணவர்கள் தமிழிலேயே படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு குடும்பமாக நிற்கும் பெயர்கள் தேவை. இடையில் நெருக்கப்பட்டு அடைப்பது இடையடை; சுழலும் தண்டைச் சுற்றி அடைப்பது தண்டடை; வளையமாக வரிப்பள்ளத்தில் அமர்வது வளையடை; திணித்து அடைப்பது திணியடை. ஒன்றைக் கற்றவர் மற்றவற்றைத் தாமே ஊகித்துவிடுவார். ‘கேஸ்கட்’ என்ற ஒலிபெயர்ப்பால் இந்த உதவி கிடைப்பதில்லை.

‘அடை’ என்றதும் தட்டில் வைக்கும் அடை நினைவுக்கு வராதா என்று ஒருவர் கேட்டிருந்தார். பெயரடை, வினையடை என்று இலக்கண வகுப்பில் சொல்லும்போது யாருக்கும் அது நினைவுக்கு வருவதில்லை. முன்னொட்டு சேர்ந்தவுடன் பொருள் தெளிந்துவிடுகிறது. இதை மேலும் நீட்ட வேண்டியதில்லை என்று கருதுகிறேன்.

‘ஹெட்’ என்பதற்கு என்ன சொல்வது? உருளைத்தலை என்று எழுதுவோர் உண்டு. ஆயினும் தலை என்பதைப் பெயர்களின் முன்னே சேர்த்தால் தலைவாசல், தலைநகர் என்பவற்றைப்போல முதன்மைப் பொருள் வந்துவிடுகிறது. ‘தலை இடையடை’ என்று எழுதினால், என்ஜினில் உள்ள பல இடையடைகளில் தலைமையானது என்றே படிப்பார்கள். ‘தலையடை’ என்று சுருக்கினால் சளி பிடித்ததுபோல் இருக்கிறது. ஆகவே ‘முகடு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். பெட்ரோல் எஞ்சினில் எரியறையின் கூரை அந்தப் பாகத்தில்தான் குடையப்பட்டிருக்கிறது. எரிபொருளை உருளைக்குள் நேராகப் பீய்ச்சும் டீசல் எஞ்சினில், குழிவு உருளைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் இருப்பதால் ஹெட்டின் அடிமுகம் தட்டையாக இருக்கும். அங்கும் அது அறையின் மேற்கூரையே. வீட்டின் கூரை உச்சியை முகடு என்று சொல்லும் வழக்கம் நம் பக்கத்து ஊர்களில் மறையவில்லை. எனவே முழுப்பெயர் ‘முகட்டு இடையடை’ என்றாகும்.

இதன் உள்ளமைப்பையும் ஒரு சொல் தாங்க வேண்டும். முன்பு கல்நார் கலந்த அட்டையைத் தகட்டோடு சேர்த்து இதைச் செய்தார்கள். இப்போதைய டர்போ எஞ்சின்களில் பெரும்பாலும் பல்லடுக்கு எஃகே வழங்குகிறது: சுருள்வில் தன்மையுள்ள துருவுறா எஃகின் மெல்லிய அடுக்குகள், மேலே மெல்லிய ரப்பர்ப் பூச்சு, உருளையின் விளிம்பைச் சுற்றி அழுத்தி எடுத்த ஒரு புடைப்பு. எரியும் கணத்தில் முகடு மைக்ரான் அளவில் எழும்போது, அமுங்கியிருந்த புடைப்பு வில்லைப்போல் நிமிர்ந்து அந்த இடைவெளியை நிரப்புகிறது. டர்போ வந்தபின் இந்தப் புடைப்பின் வேலை கூடிவிட்டது. காற்றை வெளியழுத்தத்தைவிட ஒரு பார் கூடுதலாகத் திணித்து, அதை இன்டர்கூலர் குளிர்வித்தும் கொடுத்தால், ஏறத்தாழ இருமடங்கு காற்று உள்ளே செல்கிறது. அதற்கேற்ப எரிபொருளும் எரிகிறது. இந்தப் புடைப்பைப் ‘புடைவளையம்’ என்று அழைக்கலாம். ‘பல்லடுக்கு எஃகு இடையடை’, ‘இடையடைப் புடைவளையம்’ என்று சொற்றொடர்கள் தடையின்றி நீள்வதைச் சொல்லிப் பாருங்கள். ‘பல்லடுக்கு எஃகுத் தலை அடைப்பான்’ என்பது நாக்கில் தடுக்குகிறது.

பழுதை எப்படிச் சொல்வது என்பதே எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் கேள்வி. ‘வெடித்தது’ என்று எழுதுவோர் இருக்கிறார்கள். அங்கே எதுவும் வெடிப்பதில்லை. துணியில் தையல் விட்டுப்போவதுபோல, நெருக்கிப் பிடித்த ஓர் இடம் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே ‘இடையடை விட்டது’ என்று எழுதலாம்; எங்கே விட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். இரண்டு உருளைகளுக்கு நடுவிலுள்ள குறுகிய இடைப்பாலத்தில் விட்டால் அவ்விரண்டிலும் அமுக்கம் குறையும். கூலண்ட் ஓடும் நீர்வழிக்குள் விட்டால் ரேடியேட்டரில் குமிழி எழும். எஞ்சின் ஆறியிருக்கும்போதே, கிளப்பிய சற்று நேரத்தில் ரேடியேட்டரின் மேல் ஓஸ் கல்போல் இறுகும். கூலண்ட் உருளைக்குள் கசிந்தால் புகை வெண்மையாகும். எண்ணெயோடு கூலண்ட் கலந்தால் எண்ணெய் மூடியின் உட்புறம் பால்போல் வெளுக்கும். ‘நீர்வழி விட்டது’, ‘இடைப்பாலம் விட்டது’ என்று பிரித்து எழுதினால், பெயரைப் படித்ததுமே சோதனை எதுவென்று தெரிந்துவிடும். ரேடியேட்டர் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளானால், கூலண்டில் எரிந்த வாயுவிலுள்ள கரியமில வாயு கலந்திருக்கிறது என்று பொருள். இது நீர்வழி விட்டதைக் காட்டும் சோதனை. இடைப்பாலம் விட்டதை, உருளைக்குள் உள்ள அமுக்கத்தை அளக்கும் அமுக்கமானியே காட்டும்.

நம் மாவட்டங்களில் நீர்வழி ஏன் விடுகிறது என்பதைக் கையேடு தனியே சொல்ல வேண்டும். கோடையில் 40 பாகையைத் தாண்டும் வெயிலில், சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடிய வண்டி ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறது. சூடு மிகுந்ததும் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொள்கிறார்கள். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்டிருப்பதை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. உப்பு மிகுந்த அந்த நீர் குறுகிய வழிகளில் படிவம் கட்டும். அலுமினிய முகட்டை, இடையடை அமரும் விளிம்பிலேயே அரிக்கும். அரித்துப்போன முகத்தில் எவ்வளவு உயர்தரமான இடையடையை வைத்தாலும் நிற்காது. காரணத்தைப் போக்காமல் தகட்டை மட்டும் மாற்றிக் கொடுப்பது வண்டிக்காரருக்குச் செய்யும் அநியாயம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

வேலைமுறைச் சொற்களில் பட்டறையிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. முகட்டை மேலே தூக்கித்தான் எடுக்கிறார்கள். ஆயினும் ‘ஹெட் இறக்கணும்’ என்பதே வழக்கு. ‘முகடு இறக்குதல்’ என்று அப்படியே வைத்துக்கொள்வோம். இறக்கும்போது மரையாணிகளை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கித் தளர்த்த வேண்டும். ஏற்றும்போது நடுவிலிருந்து ஓரங்களுக்கு இறுக்க வேண்டும். ‘ஃபேசிங்’ (முகத்தைச் சீவிச் சமமாக்குதல்) என்பதற்கு, தச்சர்களின் இழைப்பு என்ற சொல்லிலிருந்து ‘முகம் இழைத்தல்’ என்பது கையிலேயே இருக்கிறது. நேர்விளிம்புக் கோலை வைத்து, அதன் அடியில் இடைவெளி அளக்கும் தகட்டை நுழைத்துப் பார்க்கையில், வளைவு 0.05 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலான எஞ்சின்களில் இழைக்கத் தேவையில்லை. சில டீசல் முகடுகளை இழைக்கவே கூடாது என்று தயாரிப்பாளர்கள் விலக்கியிருக்கிறார்கள்.

மரையாணியை இறுக்குவதற்கு ‘முடுக்குதல்’ என்ற நல்ல சொல் பேச்சில் இருக்கிறது. ஆனால் முடுக்கம் என்பதைப் பள்ளி இயற்பியல் வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே, குறித்த முறுக்குவிசைக்கு இறுக்கியபின் குறித்த பாகைக்குத் திருப்பும் முறையைக் ‘கோண இறுக்கம்’ என்று எழுதலாம். அந்த இறுக்கத்தில் மரையாணி, பழைய நீளத்துக்கு மீளக்கூடிய மீட்சி எல்லையைத் தாண்டி நீள்வதால், பொதுவாக அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது. இதனால் ‘ஒருமுறை மரையாணி’ என்ற பெயர் தானே எச்சரிக்கையாகவும் நிற்கும். மரையாணிக் குழியில் எண்ணெயோ கூலண்டோ தேங்கியிருந்தால், இறுக்கும்போது அது வெளியேற வழியின்றிப் பிளாக்கையே பிளந்துவிடக்கூடும் என்பதையும் அந்தப் பத்தியிலேயே எழுத வேண்டும். டர்போவைக் கழற்றியிருந்தால் அதன் எண்ணெய்க் குழாயின் செம்பு வாசர்களைப் புதிதாகப் போட்டு, எரிபொருளை நிறுத்திவைத்து எஞ்சினைச் சுழற்றி, டர்போவுக்கு எண்ணெய் ஏறியபின்பே கிளப்ப வேண்டும்.

இன்னும் ஒரு பெயர் எனக்குக் கிடைக்கவில்லை. டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் முகத்தைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை அளந்து, அதற்கேற்ற கனமுள்ள இடையடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கனத்தின் தரத்தை விளிம்பில் உள்ள வெட்டுகளோ துளைகளோ காட்டும். இக்குறிகளைக் ‘கனக்குறி’ என்று எழுதலாமா? வேலூர், ஆம்பூர் உதிரிபாகக் கடைகளில் இவற்றுக்கு ஏதேனும் வழக்குச்சொல் இருந்தால், அதை அறிந்தவர்கள் எழுதுங்கள். அதுவே முன்னுரிமை பெறட்டும். ‘இடையடை’, ‘முகடு’ இரண்டுக்கும் மறுப்பு இருப்பின் அதையும் காரணத்தோடு கேட்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து