லிங்க்கர் பிழை காட்டவில்லை. ஓட்டியவுடன் நிரல் முறிகிறது

கேள்வி:
வணக்கம். பழைய கம்பைலரில் தொகுக்கப்பட்ட சி++ நூலகம் ஒன்றை, ஜிசிசி 9 கம்பைலர் கொண்டு தொகுத்த என் நிரலோடு இணைக்கிறேன். லிங்க்கர் (தொகுத்த பகுதிகளை ஒரே நிரலாக இணைக்கும் கருவி) எந்தக் குறையும் சொல்லவில்லை; ஆனால் நூலகத்தின் முதல் ஃபங்ஷனை அழைத்தவுடனேயே செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டதால் நிரல் நின்றுபோவது) வருகிறது. மூன்று நாட்களாகப் பாயின்டர்களை (நினைவக முகவரிகளை) சரிபார்த்தும் விடை கிடைக்கவில்லை.

பதில் 1:
அந்த ஃபங்ஷனுக்கு அனுப்பும் ஸ்ட்ரக்டில் (பல உறுப்புகளை ஒன்றாக வைக்கும் தரவு வகை) ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) உறுப்பு உள்ளதா? 2015இல் வெளிவந்த ஜிசிசி 5, ஸ்டிரிங்கின் உள்ளமைப்பையே மாற்றியது. 64 பிட் கணினியில் முன்பு 8 பைட்டாக இருந்தது 32 பைட்டாயிற்று. ஸ்டிரிங்கை நேரடியாக அனுப்பினால் ஃபங்ஷனின் குறியீட்டுப் பெயர் (லிங்க்கர் அதை அடையாளம் காணும் பெயர்) வேறுபட்டு லிங்க்கரே தடுத்துவிடும். ஸ்ட்ரக்டுக்குள் வைத்து அனுப்பினால் பெயர் மாறுவதில்லை என்பதால், இணைப்பு அமைதியாக நடந்து முடிந்து, நூலகம் தவறான இடத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறது. மிகவும் வேதனை தரும் பிழை இது.

கேள்வி கேட்டவர்:
ஆம் ஐயா, ஒரு ஸ்டிரிங்கும் ஓர் இன்ட்டும் உள்ளன. அளவை அச்சிட்டேன்: 40 பைட். பழைய ஏபிஐக்கான (ABI, தொகுத்த நிரலில் தரவு அமையும் முறை) மேக்ரோவை, அதாவது _GLIBCXX_USE_CXX11_ABI என்ற தொகுப்பு அமைப்பை, 0 என வைத்தபோது 16.

பதில் 2:
அப்படியானால் காரணம் ஏறக்குறைய உறுதி. மேக்ரோவை 0 என மேக்ஃபைலிலேயே (தொகுப்புக் கட்டளைகள் உள்ள கோப்பு) வைத்து, எல்லாக் கோப்புகளையும் மீண்டும் தொகுங்கள். ஒன்று விடுபட்டாலும் முறிவு வேறிடத்தில் தலைகாட்டும். மூலநிரல் கிடைக்குமானால், நூலகத்தையே புதிய கம்பைலரில் தொகுப்பதுதான் என் பரிந்துரை.