230 கே.வி. ஐசோலேட்டரைத் திறக்கும்போது ஒரு ஃபேஸில் மட்டும் மின்வில் நீடிப்பது ஏன்?

ஷிஃப்ட் பொறியாளர் (கேள்வி):
வணக்கம். இரட்டைப் பஸ் (லைன்கள் வந்து இணையும் பொது மின்கடத்தி) உள்ள 230 கே.வி. துணை மின்நிலையத்தில் பணியாற்றுகிறேன். சென்ற வாரம் 400 ஆம்பியர் சுமையிலிருந்த ஒரு ஃபீடரை (மின்சாரம் கொண்டுசெல்லும் லைனை) முதல் பஸ்ஸிலிருந்து இரண்டாம் பஸ்ஸுக்கு மாற்றினோம். இரண்டு பஸ்களையும் இணைக்கும் பிரேக்கரான பஸ் கப்ளர் மூடியிருந்தது, அதாவது இணைப்பில் இருந்தது. இரண்டாம் பஸ் ஐசோலேட்டரை (சுற்றைத் துண்டித்துப் பிரித்து வைக்கும் சுவிட்சை) மூடிய பிறகே முதலாவதைத் திறந்தோம். ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில், ஆர், பி இரண்டிலும் கண் சிமிட்டும் நேரத்தில் அணைந்த மின்வில் (இடைவெளிக் காற்றின் வழியே எரியும் மின்னோட்டம்), ஒய் ஃபேஸில் மட்டும் நான்கு விரற்கடை நீளத்துக்கு இழுபட்டு, உறுமலோடு இரண்டு மூன்று நொடிகள் நின்றது. சுமையோடு ஐசோலேட்டரைத் திறக்கவே கூடாது என்றுதான் பயிற்சியில் கற்றோம். ஆனால் தவறான இயக்கத்தைத் தடுக்கும் இன்டர்லாக் இதை அனுமதிக்கிறது. நாங்கள் செய்தது தவறா?

ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர்:
மாற்றிய முறை தவறில்லை. எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்பதைவிட, திறந்த பிறகு அந்த இடைவெளியின் குறுக்கே எத்தனை வோல்ட் வந்து நிற்கும் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். கப்ளர் மூடியிருக்கும்போது மின்னோட்டத்துக்கு மாற்றுப் பாதை உண்டு. அந்தச் சுற்றின் நீளம் 300 மீட்டர், மின்மறுப்பு கிலோமீட்டருக்கு 0.4 ஓம் என்று வைத்துக்கொண்டால், 400 ஆம்பியருக்கு 48 வோல்ட்தான் வரும். காற்றில் எரியும் மின்வில்லுக்குச் சென்டிமீட்டருக்குப் பத்துப் பதினைந்து வோல்ட் தேவைப்படுவதால், சில சென்டிமீட்டர் நீண்டதுமே அது தாங்காமல் அணைந்து, மின்னோட்டம் மறுபாதைக்குப் போய்விடும். ஐ.இ.சி. 62271-102 தரநிலையும் 245 கே.வி. வெளிப்புற ஐசோலேட்டரின் பஸ் மாற்றச் சோதனைக்கு 200 வோல்ட்டையும், மதிப்பிட்ட மின்னோட்டத்தில் 80 விழுக்காட்டையும் (உச்சம் 1600 ஆம்பியர்) குறிக்கிறது.

மாற்றுப் பாதை இல்லையென்றால் அதே இடைவெளியில் 133 கே.வி. நிற்கும். நெவாடாவின் எல்டொராடோ துணை மின்நிலையத்தில் 500 கே.வி. ரியாக்டரை (லைனோடு இணைக்கும் பெரிய மின்சுருளை) விலக்கியபோது, மின்னோட்டத்தைத் துண்டிக்க வேண்டிய இன்டரப்டர் ஒரு ஃபேஸில் திறக்காமல் போக, ஐசோலேட்டரின் கைகளுக்கு மேல் வளைந்து வளைந்து எழுந்த மின்வில்லைக் காணொளியில் பலரும் பார்த்திருப்பீர்கள். சுமையோடு திறக்காதே என்ற விதி அந்த நிலைமைக்கானது.

அன்று மோட்டாரால் திறந்தீர்களா, கைப்பிடியால் சுற்றினீர்களா?

ஷிஃப்ட் பொறியாளர்:
மோட்டார் பழுது என்பதால் கையால்தான் சுற்றினோம், ஐயா. இன்னொரு சந்தேகம்: சுமையே இல்லாத, மின்னூட்டம் மட்டும் உள்ள பஸ்ஸைத் திறக்கும்போதும் சடசடவென்று பொறி பறக்கிறதே?

ரிலே பிரிவுப் பொறியாளர்:
அது கொண்மின்னோட்டம், அதாவது சுமையில்லாவிட்டாலும் கடத்தி மின்தேக்கி போல இழுக்கும் மின்னோட்டம். 230 கே.வி.யில் அது கிலோமீட்டருக்குச் சுமார் 0.4 ஆம்பியர், 200 மீட்டர் பஸ்ஸுக்கு 0.08, மின்னழுத்தத்தை அளக்கும் 4400 பிக்கோஃபாரட் சி.வி.டி. ஒன்றுக்கு 0.18. இரண்டையும் கூட்டினாலும், தரநிலை புறக்கணிக்கத்தக்கது என்று கருதும் 0.5 ஆம்பியருக்குள் அடங்கும். இருபது கிலோமீட்டர் லைனோ எட்டு ஆம்பியர் இழுக்கும். சுமை இல்லை என்று நம்பி அதை ஐசோலேட்டரால் திறந்துவிடாதீர்கள்.

உங்கள் பதிவில் எனக்குக் கவலை தருவது வேறொன்று. மாற்றும் நடுவில் கப்ளர் பிரேக்கர் ட்ரிப் ஆனால் (தானாகத் திறந்துகொண்டால்), பாதி திறந்த அந்த ஐசோலேட்டரே இரண்டு பஸ்களையும் பிரிக்க வேண்டி வரும், அதன் எதிரே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பல நிலையங்களில் கப்ளரைத் திறக்கவைக்கும் ட்ரிப் சப்ளையை முதலில் விலக்கிவிட்டு, மாற்றம் முடிந்ததும் திரும்பக் கொடுக்கிறார்கள். உங்கள் நிலையத்தின் இயக்க ஆணையில் இது இருக்கிறதா?

ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறியாளர்:
கையால் சுற்றினால் மூன்று ஃபேஸும் மெதுவாகத்தான் பிரியும். ஒன்றில் மட்டும் நீடித்ததென்றால், மின்வில்லைத் தன்மேல் ஏற்கும் கொம்பான ஆர்க்கிங் ஹார்னைப் பாருங்கள். முதன்மைத் தொடுமுனை பிரிந்த பிறகே ஹார்ன் பிரிய வேண்டும். லைன் கிளியர் (மின்சாரம் நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, எர்த் செய்த பின் தொடுமின்தடையை மூன்று ஃபேஸிலும் அளந்து ஒப்பிடுங்கள்.

ஷிஃப்ட் பொறியாளர்:
நேற்று லைன் கிளியர் கிடைத்தது. ஒய் ஃபேஸில் ஹார்ன் வளைந்து விலகியிருந்ததால் முதன்மை விரல்களே கடைசியாகப் பிரிந்திருக்கின்றன. அவற்றின் வெள்ளிப்பூச்சு உருகிக் குழி விழுந்திருந்தது. விரல்களை மாற்றி, ஹார்னை நிமிர்த்திவிட்டோம். மோட்டார் சரியாகும்வரை அந்த பே-யில் (அந்த ஃபீடருக்கான பகுதியில்) பஸ் மாற்றம் இல்லை. ட்ரிப் சப்ளை பற்றிய வரி எங்கள் இயக்க ஆணையில் இல்லை. அதைச் சேர்க்கக் கோரி இன்று காலை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.