படகுக் குசினியில பாண் வாட்ட காஸ் அடுப்பா, டோஸ்டரா?

குடாக்கரைத் தம்பி:
உள்துறைமுகத்தில வந்து நங்கூரம் போடுற பாய்ப்படகுகளில சமையல் வேலை செய்றன். இப்ப நிக்கிறது 38 அடிப் படகு. தாய்லாந்துப் பக்கம் புக்கெட்டில இருந்து ஏறத்தாழ 1000 கடல்மைல் ஓடி, ஒன்பது நாளில திருகோணமலைக்கு வந்து சேர்ந்த புருசன் பெண்சாதி. காலமைச் சாப்பாட்டுக்கு வாட்டின பாணும் பட்டரும் கட்டாயம். ஐயா, பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமா மாத்துற இன்வெர்ட்டரில பூட்டுறதுக்கு 900 வாட் டோஸ்டர் ஒண்டு வாங்கப் போறாராம். அம்மா வேண்டாம் எண்டுறா. ரெண்டு பேரும் என்னட்டக் கேட்டினம். நான் அம்மாவின்ர பக்கம்.

காரணம் சொல்றன். எங்கட பேக்கரி பாண் கையால வெட்டுற பாண். ஒரு இறாத்தலை எவ்வளவு கவனமா வெட்டினாலும் ஒரு துண்டு மெல்லிசு, ஒரு துண்டு விரல் மொத்தம். மொத்தத் துண்டு டோஸ்டர் வாயில சிக்கி நிண்டா, மின்சாரம் ஓடுற கம்பிக்குள்ள கத்தி விட்டு இழுக்க வேண்டி வரும். படகு ஆடுற நேரத்தில அதை நினைக்கவே பயமாக் கிடக்கு. உப்புக் காத்தில அந்தக் கம்பியும் சுவிச்சும் எத்தனை நாளைக்கு நிக்கும்? காஸ் அடுப்பு ஏற்கெனவே இருக்கு, தோசைக்கல்லும் இருக்கு. ரெண்டு கிலோவாட் அடுப்பை நாலு நிமிசம் எரிச்சாலும் 10 கிராம் காஸ்தான் போகும். 2.3 கிலோ சிலிண்டர் ஒண்டில இருநூறு தரம் வாட்டலாம். பிறகு ஏன் இன்னொரு சாமான்?

லிங்கநகர் வயரிங்:
தம்பி, கணக்கு சரி. ஆனா ஒரு பக்கத்துக் கணக்குத்தான் போட்டிருக்கிறீர். மற்றப் பக்கத்தையும் போடுவம். 900 வாட் டோஸ்டருக்கு இன்வெர்ட்டர் பற்றரியில இருந்து கிட்டத்தட்ட 1000 வாட் இழுக்கும், பத்தில ஒரு பங்கு சூடாப் போயிரும். 12 வோல்ட்டில அது 80 அம்பியருக்குக் கிட்ட. கேக்கப் பெரிசுதான். ஆனா மூண்டு நிமிசத்துக்கு அது வெறும் 4 அம்பியர் மணி. நாலு தரம் போட்டாலும் 16. ஒரு 200 வாட் சோலார் தட்டு எங்கட வெயிலில ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள அதைத் திருப்பித் தந்திடும். வெயிலுக்குக் காசு குடுத்து வரிசையில நிக்கத் தேவையில்லை. 2022 இல காஸுக்கு விடியக்காலமை நாலு மணிக்கு வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் நிண்டதை நான் மறக்கேல்லை.

கத்தி விடுற கதைக்கு மறுமொழி: விடவே கூடாது. பிளக்கைக் கழட்டிப்போட்டு, ஆறவிட்டு, கவிழ்த்துத் தட்ட வேணும். ஒரே மொத்தமா வெட்டி வாற அச்சுப் பாண் வாங்கினா அந்தப் பிரச்சினையே இல்லை.

கிண்ணியா மீன்காரன்:
நான் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில இருந்து நெடுநாள் படகில போறவன். ஒருக்கா வெளிக்கிட்டா கரை காண மூணு கிழமையும் ஆகும். அவ்வளவு நாளும் காஸ்தான். சோறு, மீன்கறி, தேத்தண்ணி, பாண் சூடு காட்டுற, எல்லாம் அதிலதான். எங்களுக்கு ஒண்டும் நடக்கல்ல. கடலுக்குப் போற மனுசனுக்கு நெருப்பைப் பிடிச்சு வேலை செய்யத் தெரியோணும். தம்பி சொல்றது சரி. பற்றரி லைட்டுக்கும் ஜீபிஎஸ்ஸுக்கும் ரேடியோவுக்கும் இருக்கட்டும். நடுக்கடலில அது இறங்கிப் போனா பாணைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டா இருக்கிற?

உவர்மலை அக்கா:
ரெண்டு பக்கமும் நெருப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். பாணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் வீட்டில் பாண் போட்டு விற்பவள், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தம்பி, உங்கள் தோசைக்கல்லில் வாட்டிய துண்டு வெளியே கறுத்து உள்ளே தோல் மாதிரி இழுபடுகிறதா? அப்படியென்றால் காரணம் நீராவி. பாணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். மேல்தோலில் இருக்கிற தண்ணீர் போகும்வரை சூடு 100 பாகையிலேயே நிற்கும். அது காய்ந்து 140 பாகையைத் தாண்டினால்தான் பொன்நிறமும் அந்த மணமும் வரும். கல்லில் ஒட்டிக் கிடக்கிற பக்கத்து ஆவிக்குப் போக வழியில்லை. காற்றுக்குப் பயந்து மூடியும் போட்டால் பாண் வாடாது, அவியும். மூடி போடவே வேண்டாம். சின்ன நெருப்பு, கல் நன்றாகக் காய்ந்த பிறகு துண்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்புங்கள்.

இன்னொன்று. இறக்கிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்காதீர்கள். கீழ்த்துண்டைத் தூக்கிப் பாருங்கள், தட்டில் ஈரம் வட்டமாகப் படிந்திருக்கும். அந்த வட்டத்தில் இருப்பது நீங்கள் நாலு நிமிடம் செலவழித்து வெளியேற்றிய தண்ணீர், திரும்பப் பாணுக்குள்ளேயே போகிறது. நிமிர்த்தி வையுங்கள். இரண்டு கோப்பைகளுக்கு நடுவில் சாய்த்தாலும் போதும்.

பழைய பாணைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதையும் விடுங்கள். குளிரில் மாவுச்சத்து இறுகிப் பாண் சீக்கிரம் விறைக்கும். வாட்டினால் அந்த இறுக்கம் கொஞ்ச நேரத்துக்கு இளகும், அதனால்தான் முந்தாநாள் பாணும் வாட்டினால் நன்றாக இருக்கிறது. கச்சான் காற்றுக் காலத்தில் பாண் காய்ந்து போகும், வாடைக் காலத்தில் மூன்றாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை வாட்டித் தப்ப முடியாது, எறியத்தான் வேண்டும்.

குடாக்கரைத் தம்பி:
அக்கா, மூடி போட்டுத்தான் செய்தனான். நன்றி. நாளைக்கு மூடாமல் செய்து பாக்கிறன்.

வயரிங் அண்ணை, அச்சுப் பாண் எல்லா நாளும் கிடைக்காது. உங்கட கணக்கு லிதியம் பற்றரி இருக்கிற படகுக்குச் சரி. இந்தப் படகில கிடக்கிறது பழைய ஈயப் பற்றரி, 100 அம்பியர் மணி ரெண்டு. 80 அம்பியர் இழுத்தா வோல்ட் விழுந்து இன்வெர்ட்டர் கத்தும். எனக்குத் தெரியும், போன படகில ஹெயார் டிரையர் போட்டு அது நடந்தது.

லிங்கநகர் வயரிங்:
அது நியாயமான கதை. ஈயப் பற்றரி எண்டா நானும் டோஸ்டர் பூட்ட மாட்டன். லிதியம் இருந்தாலும் மெல்லிய வயரில பூட்டக்கூடாது. 35 சதுர மில்லிமீட்டர் வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே 125 அம்பியர் பியூஸ், அதுக்குப் பிறகுதான் இன்வெர்ட்டர். இதை மிச்சம் பிடிச்சுச் செய்தா வயரே அடுப்பாயிடும்.

ஆனா நான் காஸை எதிர்க்கிறது கணக்குக்காக இல்லை. கிண்ணியாக் காக்கா, உங்கட மீன்படகில அடுப்பு எங்க இருக்கு? மேல்தட்டில, பின்பக்கக் கபினில. கதவு திறந்து கிடக்கும், ஒழுகினாலும் காத்து அள்ளிக்கொண்டு போகும். பாய்ப்படகில குசினி ஏணியால இறங்குற இடத்தில, தண்ணி மட்டத்துக்குக் கீழ. சமையல் காஸ் காத்தை விடப் பாரமானது. புகை மாதிரி மேல போகாது, தண்ணி மாதிரிக் கீழ வழிஞ்சு பில்ஜ் எண்டுற படகின்ர அடிப்பள்ளத்துக்குள்ள போய்த் தேங்கும். திரவமா இருக்கிறது வெளியில வந்தா ஏறத்தாழ 250 மடங்கு ஊதும். காத்தில நூற்றுக்கு ரெண்டு பங்கு கலந்தாலே பத்தும். பில்ஜ் பம்ப் சுவிச்சின்ர ஒரு பொறி போதும். 2021 கடைசியில நாடு முழுக்க வீட்டு அடுப்புகள் வெடிச்ச நேரம் ஆக்கள் யன்னலைத் திறந்து வைச்சினம். படகின்ர அடிவயித்துக்கு யன்னல் இல்லை.

கிண்ணியா மீன்காரன்:
மேல அடுப்பு இருக்கிறதால எங்களுக்கு லேசு, அது உண்மைதான். ஒத்துக்கிறன். எண்டாலும் காஸை விடச் சொல்லுறது சரியில்லை. பழக்கம் வேணும். வாப்பா சொல்லித் தந்தது: சமைச்சு முடிஞ்சா அடுப்பை நூர்க்காதே, சிலிண்டர் வாயை மூடு. குழாயில மிச்சம் இருக்கிற காஸ் எரிஞ்சு நெருப்புத் தானா நூரும். பிறகு அடுப்புத் திருகைப் பூட்டு. குழாய்க்குள்ள ஒண்டும் இராது. நான் இண்டைக்கும் அப்படித்தான்.

டச்சுக்குடா:
காக்கா சொன்ன முறையை நானும் பாய்ப்படகில் செய்கிறேன். ஆனால் ஒன்று விடுபட்டுப் போகிறது. உள்துறைமுகத்தில் தண்ணீர் குளம் போல் கிடக்கும். அங்கே எதுவும் வேலை செய்யும். வெளியே, கோணேசர் கோயில் மலையைத் தாண்டியதும் பக்கவாட்டு அலை பிடிக்கும். அடுப்பு அலைக்கேற்ப ஊசலாடுகிற மாதிரித் தொங்குவதால் தோசைக்கல் மட்டமாக நிற்கும், பக்கக் கம்பிகள் பிடித்துக்கொள்ளும். டோஸ்டரை எதில் கட்டுவீர்கள்? மேசையிலிருந்து பறந்துவந்த கேத்திலை நான் நெஞ்சால் தடுத்திருக்கிறேன்.

மழைக்கு மேல்மூடியை இறுக்கிப்போட்டு உள்ளே நெருப்பு எரிப்பவர்களுக்கும் ஒன்று. காற்றுக் குறைந்தால் கார்பன் மொனொக்சைட் வரும், அதற்கு மணமே இல்லை. ஒரு மூடியாவது நாலு விரல் திறந்திருக்க வேண்டும்.

லிங்கநகர் வயரிங்:
டோஸ்டரைத் துறைமுகத்தில மட்டும் வைச்சிருக்கலாம், கடலில பெட்டிக்குள்ள. அதை ஒத்துக்கொள்றன். தம்பி, காஸ்தான் எண்டு முடிவெடுத்தா ஒரு வேலை செய்யும். சிலிண்டர் வைக்கிற பெட்டியின்ர அடியில கடலுக்குப் போற வடிகால் ஓட்டை ஒண்டு இருக்க வேணும். கசிஞ்சா காஸ் அதுக்குள்ளால வெளியில வழியத்தான் அது. அடைபட்டிருக்கோ பாரும்.

குடாக்கரைத் தம்பி:
இண்டைக்குக் காலமை பாத்தன். முதல்ல பாண்: மூடி போடேல்லை, அரை நிமிசத்துக்கு ஒருக்காத் திருப்பி, ரெண்டு கோப்பைக்கு நடுவில நிமிர்த்தி வைச்சன். கடிக்கேக்க சத்தம் கேட்டுது. அம்மா இன்னும் ரெண்டு கேட்டவ.

பிறகு பெட்டியத் திறந்தன். சிலிண்டருக்குக் கீழ நனைஞ்ச கயிறு சுருட்டிக் கிடந்தது. எடுத்துப்போட்டுப் பாத்தா ஓட்டை முழுக்க வெள்ளைச் சீலன்ட். யாரோ தண்ணி வருது எண்டு அடைச்சிருக்கினம். எப்ப எண்டு ஐயாவுக்கே தெரியேல்லை. ஒரு ஸ்குரூட்ரைவரால குத்தி எடுக்க அரை மணித்தியாலம் போச்சு. ஒரு வாளி தண்ணி ஊத்தினன், படகின்ர பக்கத்தால ஒழுகி விழுந்தது.

இத்தனை நாளும் அந்த அடுப்புக்கு மேல நிண்டு சமைச்சிருக்கிறன். டோஸ்டர் விசயத்தில நான் இன்னும் மாறேல்லை அண்ணை, ஆனா இனி ஏறுற ஒவ்வொரு படகிலயும் முதல் திறக்கிறது இந்தப் பெட்டிதான்.

லிங்கநகர் வயரிங்:
நல்ல வேலை செய்தீர். சிலிண்டர் வாய், ரெகுலேட்டர், குழாய் மூட்டு எல்லாத்திலயும் சவர்க்கார நுரை பூசிப் பாரும். குமிழி வந்தா அண்டைக்கு அடுப்புப் பத்த வைக்காதையும்.

உவர்மலை அக்கா:
அன்றைக்குப் பாணை வாட்டாமல் சம்பலோடு கொடுங்கள். புதுப் பாண் என்றால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.