ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைத்தது

காரைக்குடியிலிருந்து ஒரு சகோதரி:

ஓய்வெடுப்பதைக் கர்த்தருக்குச் செலுத்தும் நன்றியாகவே உணர்ந்த நாள் உங்களுக்கு வாய்த்திருந்தால் எழுதுங்கள் என்று கேட்கும் முன், எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் 12 ஆண்டுகளாக வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுத்து வருகிறேன். கைமுறுக்கு, மணகோலம், சீப்புச்சீடை, தேன்குழல், அதிரசம் எல்லாம் உண்டு. உதவிக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். சென்ற தை மாதம் முகூர்த்தங்கள் அடுத்தடுத்து வந்தபோது, தொடர்ந்து மூன்று ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் அடுப்படியிலேயே நின்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வந்த ஆர்டரை விட்டுவிட்டால் அடுத்த முறை வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள் என்ற பயம்தான். அந்தப் பயத்துக்கு, கர்த்தர் கொடுத்த தொழிலில் உண்மையாயிருப்பது என்று நானே பெயரும் வைத்திருந்தேன்.

அதிரசம் சுடுகிறவர்களுக்குத் தெரியும்: ஊறிய பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் முழுவதும் போவதற்குள் இடித்துச் சலித்து, வெல்லப்பாகில் கிளறிய பிறகு, அந்த மாவைப் பானையில் இரண்டு மூன்று நாளாவது ஊறவிட வேண்டும். மூன்றாவது ஞாயிறன்று, முதல் நாள் இரவு கிளறிய மாவையே தட்டி எண்ணெயில் போட்டேன். முதல் அதிரசம் ஓரத்திலிருந்து விரிந்து, ஓட்டை ஓட்டையாகி, பிரிந்து சட்டியின் அடியில் கசடாய்ப் படிந்தது. இரண்டாவதும் அப்படியே. கரண்டியைப் பிடித்தபடி நின்று அழுதேன்.

அன்று மதியம், முறுக்கும் சீடையும் நிரப்பிய டின்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆர்டர் கொடுத்திருந்த ஆச்சியைப் பார்க்கக் கானாடுகாத்தானுக்குப் போனேன். அதிரசத்துக்கு என்ன சமாதானம் சொல்வது என்பதையே வழியெல்லாம் யோசித்தேன். ஆச்சி டின்னைத் திறக்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்தார். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, நீ கோயிலுக்குப் போகலையா?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. “கல்யாணம் வெள்ளிக்கிழமைதானே, நாளைக்குக் கொண்டாந்தா நான் வேணாம்னா சொல்லப் போறேன்? செத்த நேரம் படு ஆத்தா” என்று சொல்லி, வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், தூண் நிழல் விழுந்த இடத்தில் பாயை விரித்துவிட்டார்.

திருநீறு அணிந்த அந்த மூதாட்டி, என் ஓய்வுநாளை எனக்கு நினைவுபடுத்தி, அதை எனக்கே திருப்பிக் கொடுத்தார். பாய்க்கு வெளியே நீட்டியிருந்த கையில், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி ஏறியதுவரை நினைவிருக்கிறது. அதன்பின் இரண்டு மணி நேரம் உறங்கிப் போனேன். கண் விழித்தபோது ஆச்சி சமையற்கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். என் வாயிலிருந்து தானாக வந்த ஜெபம் ‘ஸ்தோத்திரம் ஆண்டவரே’ என்ற இரண்டு சொற்கள்தான். எதையும் கேட்காமல் நான் ஜெபித்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன.

அன்று இரவு வேதாகமத்தில் 92ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்தேன். ‘ஓய்வுநாளின் பாட்டு’ என்று தலைப்பிலேயே குறிக்கப்பட்ட சங்கீதம் அது. வேலை செய்யாதே என்ற கட்டளை அதில் எங்குமே இல்லை. கர்த்தரைத் துதிப்பது நலம் என்று தொடங்கி, “உமது கரத்தின் கிரியைகளினிமித்தம் ஆனந்தசத்தமிடுவேன்” என்று அது பாடுகிறது. நாள் முழுவதும் என் கையால் ஆவதையே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அவருடைய கரத்தின் கிரியைகளைப் பார்க்க ஒரு நாள்கூட மிஞ்சவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் கொடுத்த மன்னா என்ற உணவையும் நினைத்துக்கொண்டேன். மற்ற நாட்களில் மிச்சம் வைத்த மன்னாவில் புழு வைத்து நாற்றமெடுத்தது. ஆறாம் நாளில் இரட்டிப்பாய்ச் சேர்த்து ஓய்வுநாளுக்கென்று வைத்தது மட்டும் கெடவில்லை. பலகாரம் எத்தனை நாள் தாங்கும் என்று கணக்குப் பார்த்தே பழகியவள் நான். ஆறு நாளில் கிடைத்தது ஏழாம் நாளுக்கும் போதும் என்று நம்பி உட்காருவதுதான் கொடுத்தவருக்கு நான் காட்டும் நன்றி என்று இப்போது நம்புகிறேன்.

ஆத்தங்குடியிலிருந்து, தரைக்குப் பதிக்கும் கல் போடும் தொழிலாளி ஒருவர்:

சகோதரி, உங்கள் கையில் குளிர்ந்தது எங்கள் பட்டறைக் கல்லாக இருக்கலாம் என்று படித்தபோது மகிழ்ந்தேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் இட்டு நிரவுகிற வேலை என்னுடையது. போட்ட கல்லை எண்ணித்தான் கூலி. ஒரு நாள் உட்கார்ந்தால் அன்றைய கூலி இல்லை. ஓய்வே நன்றி என்று யாரேனும் சொல்லும்போது என்னைப் போன்றவர்களின் மனம் முதலில் சுருங்கத்தான் செய்யும்.

தவக்காலத்தில் ஒருநாள் எங்கள் பங்குத்தந்தை திருவிவிலியத்தில் விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரத்தை விளக்கினார். எகிப்தில் அடிமைகளாய்ச் செங்கல் அறுத்த இஸ்ரயேல் மக்கள் தங்கள் கடவுளை வழிபடப் போக விடுப்புக் கேட்டபோது, அந்நாட்டு மன்னன் பார்வோன் அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசி, வைக்கோல் தருவதை நிறுத்திவிட்டு, முன்பு செய்த அதே எண்ணிக்கையைக் கேட்டான். கல் எண்ணிப் பிழைக்கிற எனக்கு அது பழங்கதையாகத் தோன்றவில்லை. எகிப்தில் அடிமையாயிருந்ததையும் ஆண்டவர் மீட்டதையும் நினைவில் கொள்வதற்கே ஓய்வுநாள் என்று இணைச்சட்ட நூலின் 5ஆம் அதிகாரம் காரணம் சொல்வதையும், வேலைக்காரரும் மாடும் கழுதையும்கூட அன்று ஓய வேண்டும் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதுவரை ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு பட்டறைக்கு ஓடிக்கொண்டிருந்தவன், அன்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். நான் இப்போது அடிமை அல்ல என்பதை உடம்பாலேயே சொன்னதுபோல் இருந்தது. ஞாயிறு உழைத்துச் சேர்த்ததில் பெரும்பகுதி இடுப்பு வலி மாத்திரைக்கே போயிருந்தது என்பதையும் அன்றுதான் கணக்குப் பார்த்தேன்.

ஒன்று கேட்கலாமா, சகோதரி? உங்களிடம் வரும் இரண்டு பெண்களுக்கும் அந்த ஞாயிறு உண்டா? கூலியோடு உண்டா?

தேவகோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்:

ஞாயிற்றுக்கிழமையே கிடைக்காதவர்களுக்காக நான் எழுதுகிறேன். பணியில் இருந்தபோது மாதத்தில் பாதி ஞாயிறு வார்டில்தான் கழிந்தது. அது குறித்துப் பல ஆண்டுகள் குற்றவுணர்வோடு இருந்தேன். கி.பி. 321இல் ஞாயிறைப் பொது ஓய்வுநாளாக்கிய பேரரசர் கான்ஸ்டன்டைனின் ஆணைகூட வயல்வேலை செய்வோருக்கு விலக்கு அளித்தது என்று பின்னாளில் படித்தபோது சற்றே ஆறுதல் அடைந்தேன். என்னை உண்மையில் தேற்றியது மாற்கு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரம். சீஷர்கள் உணவருந்தவும் நேரமில்லாமல் ஊழியம் செய்து திரும்பியபோது, இன்னும் செய்யுங்கள் என்று இயேசு சொல்லவில்லை. சற்றே இளைப்பாறத் தனியிடத்துக்கு வரும்படி அவரே அழைத்தார். அதன்பிறகு, எந்தக் கிழமையில் விடுப்பு வந்தாலும், அன்று காலை வீட்டு வேலையைத் தொடாமல், முருங்கை மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வாரம் குணமாகி வீடு திரும்பியவர்களின் பெயரை ஒவ்வொன்றாய்ச் சொல்லி நன்றி செலுத்துவேன். அதற்கு அரை மணி நேரம் ஆகும். பிறகு படுத்து உறங்கிவிடுவேன்.

காரைக்குடிச் சகோதரி:

ஐயா, உங்கள் கேள்வி இரண்டு நாள் என்னை உறங்கவிடவில்லை. ஞாயிறன்று அடுப்பை நிறுத்தியபோது, அந்தப் பெண்களின் ஒரு நாள் கூலியும் நின்றுபோனதை நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. என் நன்றிக்கான விலையை அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று இருவரையும் அமர்த்திப் பேசி, இதுவரை நின்ற ஞாயிறுகளின் கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தேன்; இனி ஏழு நாளுக்கும் சேர்த்தே வாரக்கூலி என்று முடிவு செய்திருக்கிறோம். ஆர்டர் எடுக்கும்போதே ஞாயிறு கிடையாது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டார் வேறிடம் போய்விட்டார்கள், மற்றவர்கள் சரி என்றார்கள். சனிக்கிழமை மாலை மாவுப் பானையின் வாயைத் துணியால் கட்டினால், திங்கட்கிழமை காலையில் மூவரும் சேர்ந்துதான் அவிழ்க்கிறோம்.