நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் வடமேற்கில் இல்லையே, ஏன்?

கேள்வி: மகளுக்கு அங்கே இடம் கிடைத்திருக்கிறது. பெயரை நம்பி வரைபடத்தில் சியாட்டில் பக்கம் தேடினேன். அதுவோ சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில், எவன்ஸ்டனில் இருக்கிறது! இந்தப் பெயர் எப்படி வந்தது?

பதில்: ஐயா, வாழ்த்துகள். 1780-களில் அமெரிக்காவின் மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறுதான். ஒஹையோ ஆற்றுக்கு வடமேற்கே கிடந்த நிலத்தை 1787-இல் 'வடமேற்குப் பிரதேசம்' ஆக்கினார்கள். எவன்ஸ்டன் இருக்கும் இல்லினாய் மாநிலமும், மிச்சிகன், விஸ்கான்சின் மாநிலங்களும் அதிலிருந்து பிறந்தவை. அந்தப் பகுதி மக்களுக்காகவே 1851-இல் பல்கலைக்கழகத்தை நிறுவினார்கள். அதற்குள் நாடு பசிபிக் வரை நீண்டிருந்தாலும், அந்தப் பகுதியின் பழைய பெயரையே வைத்தார்கள். பெயரில் பிழையே இல்லை, எல்லைதான் நகர்ந்தது.

இன்னொரு பதில்: எவன்ஸ்டன் என்ற ஊர்ப்பெயரும் நிறுவனர்களில் ஒருவரான ஜான் எவன்ஸின் பெயரிலிருந்து வந்ததுதான்.

கேட்டவர்: மிக்க நன்றி. இன்றிரவே மகளிடம் சொல்கிறேன்.