புதுப்பிப்பு: இரணைமடுப் படத்தைத் தூக்கியாச்சு

போன கிழமை எழுதினனான்: கிளிநொச்சி இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயேக்கை நான் எடுத்த படத்தை ஒரு முகநூல் பக்கம் பேர் போடாமல் பகிர்ந்தது. கேட்டதுக்கு "நெட்டில கிடந்தது அண்ணை" எண்டாங்கள்.

நேற்று அந்தப் பதிவைத் தூக்கியாச்சு. சண்டை பிடிச்சு இல்லை, முகநூலின்ர பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பித்தான். மூலக் கோப்பு என்னட்ட இருந்தது. அதில வலது ஓரத்தில வலையைத் தோளில போட்டபடி ஒரு ஐயா நிற்கிறார். என்ர பேரை வெட்டேக்கை அவற்ற காலையும் சேர்த்து வெட்டிப்போட்டாங்கள். பேர் போனதைவிட அதுதான் நொந்தது. விடிய நாலரைக்கு வெளிக்கிட்டுப் போய், அவரோட கதைச்சு, கேட்டு எடுத்த படம்.

கன பேர் "பதிப்புரிமையைப் பதிவு செய்தனீங்களோ?" எண்டு கேட்டீங்கள். தேவையில்லை. இலங்கையின்ர 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எடுத்த உடனேயே உரிமை வந்திடும். எடுத்தவரின்ர ஆயுளுக்கும், அதுக்குப் பிறகு 70 வருஷத்துக்கும் இருக்கும். பேர் போடச் சொல்லிக் கேக்கிற உரிமையும் அதிலேயே இருக்கு.

தம்பி தங்கச்சிமார், மூலக் கோப்பை மட்டும் அழிக்காதேங்கோ.

வெட்டின படம் வாட்ஸ்அப் குழுக்களில இன்னும் சுத்துது. கண்டா முழுப் படத்தை அனுப்பிவிடுங்கோ, கீழ போட்டிருக்கிறன்.