செல்லுபடியாக்கமா, செல்லுமைச் சோதனையா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினியின் கடிகாரச் சில்லோடு பேசும் மென்பொருளான கடிகார இயக்கியின் ஆவணத்தைத் தமிழாக்கும் வேலை 'வேலிடேட்' (validate) என்ற ஒரே சொல்லில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறது. சரிபார்த்தல், செல்லுபடியாக்கம், செல்தகவு என்று மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. மூன்றுமே எனக்கு எங்கோ உதைக்கின்றன. ஏன் என்று சொல்வதற்கு முன், அங்கே உண்மையில் நடக்கும் வேலை என்ன என்று பார்த்துவிடலாம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலில் 'ஆர்டிசி_வேலிட்_டிஎம்' (rtc_valid_tm) என்று ஒரு சின்னச் செயற்கூறு (function) இருக்கிறது. கடிகாரச் சில்லிலிருந்து இயக்கி படித்துக் கொடுத்த நேரத்தை அது வாங்கிக்கொள்கிறது. நொடியும் நிமிடமும் 60க்குக் குறைவா, மணி 24க்குக் குறைவா, தேதி அந்த மாதத்தின் நாள்களுக்குள் அடங்குகிறதா, ஆண்டு 1970க்கு முந்தாமல் இருக்கிறதா என்று கேட்கிறது. ஒன்று பிசகினாலும், கொடுத்த மதிப்பு செல்லாது என்று சொல்லும் 'ஈஇன்வால்' (EINVAL) பிழையைத் திருப்பி அனுப்பிவிடும். எந்த எண்ணையும் அது தொட்டுத் திருத்துவதில்லை. வாசலில் நின்று உள்ளே விடலாமா கூடாதா என்று பார்ப்பதோடு அதன் வேலை முடிந்தது.

இப்போது 'செல்லுபடியாக்கம்' என்ற சொல்லைப் பாருங்கள். ஆக்கம் என்றாலே ஒன்றை இன்னொன்றாக ஆக்குவது. தமிழாக்கம், நவீனமயமாக்கம் எல்லாம் அப்படித்தான். செல்லாததைச் செல்லுபடி ஆக்குவது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இதைச் சொல்நுணுக்கச் சண்டை என்று ஒதுக்க வேண்டாம். பழைய இயக்கிகள் சிலவற்றில் இதே தப்புதான் நடந்தது: சில்லில் குப்பை இருந்தால், இயக்கியே 1970 ஜனவரி 1 என்று ஒரு நேரத்தை இட்டு நிரப்பி, எல்லாம் நலம் என்று மேலே அனுப்பிவிடும். மேலே இருக்கும் நிரலுக்கு அது இட்டு நிரப்பிய நேரம் என்று தெரியவே வழியில்லை. பிழை என்று சொல்லியிருந்தால் அது பிணையத்திலிருந்தாவது நேரத்தைக் கேட்டு வாங்கியிருக்கும். நம் ஆவணத்தைப் படித்து இயக்கி எழுதப் போகிறவருக்கு இந்த யோசனையை நாமே சொல்லில் வைத்துக் கொடுக்கக் கூடாது.

அடுத்து 'சரிபார்த்தல்'. நல்ல, புழக்கத்தில் உள்ள சொல். ஆனால் கணக்கைச் சரிபார்க்கிறோம் என்றால் பக்கத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது, அதோடு ஒப்பிடுகிறோம் என்று பொருள். இந்தச் செயற்கூறின் கையில் ஒப்பிட எதுவுமே இல்லை. மணி இப்போது சரியாக எத்தனை என்று அதற்குத் தெரியாது. 2016 டிசம்பர் 31 அன்று உலகப் பொது நேரத்தில் 23:59:60 என்று ஒரு கூடுதல் நொடி சேர்க்கப்பட்டது. அது முற்றிலும் சரியான நேரம். ஆனால் நொடி 60 என்பதால் இந்தச் சோதனையில் தேறாது. சரியானதும் விழும், தவறானதும் தேறும்.

தவறானது தேறுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். டிஎஸ்1307 போன்ற சில்லுகள் நேரத்தைப் பதின்மக் குறிமுறையில் வைத்திருக்கும். அதாவது 59 என்பதில் 5 மேல் நான்கு பிட்டிலும் 9 கீழ் நான்கு பிட்டிலும் தனித்தனியே உட்கார்ந்திருக்கும். முதன்முதலாக ஓர் இயக்கி எழுதியபோது இதை இரும எண்ணாக மாற்ற மறந்துவிட்டேன். நேரத்தைக் கேட்டால் ஒரு தடவை பிழை வரும், அடுத்த தடவை வராது. கம்பி லூசாக இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் சாலிடரிங் செய்துகொண்டிருந்தேன். அப்புறம் தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மாற்றாமல் படித்தால் 09க்கு அடுத்து 10 வராது, 16 வரும். 39 என்பது 57 ஆகும், 60க்குள் இருப்பதால் தேறிவிடும். 40 என்பது 64 ஆகும், விழுந்துவிடும். ஆக ஒவ்வொரு நிமிடத்திலும் முதல் 40 நொடி என் இயக்கி 'நன்றாக' வேலை செய்தது. அதுவும் ஒவ்வொரு மணியிலும் முதல் 40 நிமிடம்தான். மாலை 6 மணிக்கு மேல் எப்போது கேட்டாலும் பிழை, ஏனென்றால் 18 என்பது 24 ஆகிவிடும். சோதனை தேறிய நேரங்களில்கூட அது காட்டிய மணி பெரும்பாலும் அபத்தம். இந்தச் சோதனையைச் 'சரிபார்த்தல்' என்று எப்படிச் சொல்வது?

'செல்தகவு' எனக்குப் பிடித்த சொல்தான், நிகழ்தகவின் அழகு அதில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். பள்ளிக் கணக்கில் நிகழ்தகவு படித்தவர்களுக்குத் தகவு என்றாலே 0க்கும் 1க்கும் நடுவில் ஏதோ ஓர் அளவு. இங்கே முக்கால் செல்லும், கால் செல்லாது என்ற பேச்சே கிடையாது.

சரி, என் பரிந்துரை: செல்லுமை. வினையாக 'செல்லுமை பார்', பெயராக 'செல்லுமைச் சோதனை'. தேறாத நேரத்துக்குச் 'செல்லா நேரம்'. செல்லாக்காசு எல்லோருக்கும் தெரியும், ஆகவே செல்லா நேரத்துக்கு அகராதி புரட்ட வேண்டியதில்லை. காசு செல்லும் என்றால் கடைக்காரர் வாங்கிக்கொள்வார் என்றுதான் பொருள், அது யாருடைய காசு என்பது வேறு கேள்வி.

இலக்கணம் அறிந்த நண்பர் ஒருவர் உடனே கேட்பார்: செல்லோடு மை சேர்ந்தால் 'சென்மை' என்றல்லவா வரவேண்டும்? விதி அப்படித்தான். ஆனால் சென்மை என்றால் படிப்பவருக்குச் சென்மம்தான் நினைவுக்கு வரும், கடிகாரம் வராது. இலங்கைத் தமிழில் 'இயலுமை' நெடுங்காலமாகப் புழங்குகிறது, செல்லுமை அதே வார்ப்பு. அந்தத் துணை எனக்குப் போதும்.

இன்னொன்றையும் பிரித்து வைக்க வேண்டும். மின்கலம் தீர்ந்து மீண்டும் மின்சாரம் வரும்போது பல சில்லுகள் 2000 ஜனவரி 1, 00:00:00 என்று நிற்கும். இது செல்லும் நேரம், எந்த எல்லையையும் தாண்டவில்லை. ஆனால் நம்ப முடியாத நேரம். அதைச் சொல்லத்தான் டிஎஸ்3231 சில்லின் நிலைப் பதிவகத்தில் (சில்லின் நிலையைக் குறித்துவைக்கும் சிறு நினைவிடம்) மேல்கோடி பிட் ஒன்று இருக்கிறது: கடிகாரத்துக்குத் துடிப்பு தரும் அலைவி ஒருமுறையாவது நின்றிருந்தால் அது 1 ஆகிவிடும். பிசிஎஃப்8563 என்ற சில்லு அதே வேலைக்கு நொடிப் பதிவகத்தின் மேல்கோடி பிட்டை வைத்திருக்கிறது. இயக்கி முதலில் அந்தப் பிட்டைப் பார்த்து, 1 என்றால் எண்களைக் காட்டாமல் பிழையைத் திருப்ப வேண்டும். எல்லைகளைக் கெர்னலின் பொதுப் பகுதியே எப்படியும் பார்த்துக்கொள்ளும், சில்லின் கொடியை, அதாவது அந்தப் பிட்டை, இயக்கியைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாது. ஆகவே செல்லுமை வேறு, நம்பகம் வேறு. ஆவணத்தில் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பிழைச் செய்திகளை இப்படி மாற்றிவைத்திருக்கிறேன்: 'செல்லா நேரம்: தேதி 31, மாதம் ஏப்ரல்' என்று ஒன்று, 'அலைவி நின்றிருந்தது, நேரத்தை மீண்டும் அமைக்கவும்' என்று இன்னொன்று. அந்தப் பிட்டுக்கு இப்போதைக்கு 'நிற்புக்கொடி' என்று எழுதியிருக்கிறேன். அது எனக்கே முழுத் திருப்தியாக இல்லை. இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.